அளிந்த பழம் அடுப்புக்குரியது

"அளிஞ்சு போச்சு, தூக்கிப் போடு." நகரத்து வீடுகளில் பழக்கூடையைப் பார்த்துச் சொல்லப்படும் இந்த வாக்கியத்துக்கு எதிர்ப்பேச்சே கிடையாது. பூவன் பழத்தின் தோலில் கறுப்பு ஏறிவிட்டால், மாம்பழத்தை அழுத்திய விரல் உள்ளே போனால், கொய்யாவின் மணம் கூடம் முழுக்கப் பரவினால், அந்தப் பழத்தின் கதை முடிந்தது. படித்தவர்கள் இதற்குக் காரணங்களும் வைத்திருக்கிறார்கள்: அது கெட்டுவிட்டது; சத்து போய்விட்டது; சர்க்கரை ஏறிவிட்டது; அதைக் காப்பாற்ற ஆகும் செலவு பழத்தின் விலையைத் தாண்டும்; அதையும் சமைத்துத் தின்பது கஞ்சத்தனம். இவற்றில் ஒன்றிரண்டில் கொஞ்சம் உண்மை உண்டு. மொத்தமாகச் சேர்த்து ஒரு பழத்தைக் குப்பைக்கு அனுப்பும் அளவுக்கு உண்மை இல்லை.

அதே சமையலறையில் தக்காளிக்கு என்ன நடக்கிறது? வாங்கி வந்ததும் கூடையைக் கொட்டிப் பிரிக்கிறோம். கெட்டியானவை கூட்டுக்கும் பொரியலுக்கும். கொழகொழவென்று ஆனவை ரசத்துக்கும் தொக்குக்கும். கனிந்த தக்காளியைக் கையால் பிசைந்து ரசம் வைப்பவரை யாரும் கஞ்சர் என்று சொல்வதில்லை. அப்படி வைத்தால்தான் ரசம் ருசிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தயிர் புளித்தால் மோர்க்குழம்பு. இட்லி மாவு புளித்தால் ஊத்தப்பம், இல்லையென்றால் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றினால் காலையில் பழையது. ஒரு பொருள் தன் முதல் பருவத்தைக் கடந்தவுடன் அடுத்த பருவத்துக்கான பண்டத்தைத் தயாராக வைத்திருப்பது தமிழ்ச் சமையலின் அடிப்படைப் பழக்கம். பழத்தை மட்டும் அந்தப் பழக்கத்துக்கு வெளியே நிறுத்திவிட்டோம்.

ஏன் என்று யோசித்தால் காரணம் புரிகிறது. பழம் நம் வீட்டுக்குள் சமையல் பொருளாக வருவதில்லை. தாம்பூலத் தட்டில் வருகிறது, பூசைக்கு வருகிறது, நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கையில் வருகிறது. அந்த இடங்களிலெல்லாம் பழம் முழுதாக, மாசு மறுவில்லாமல் இருக்க வேண்டும். அந்த அளவுகோலை அப்படியே சாப்பாட்டுக்கும் கொண்டுவந்துவிட்டோம். பூசைத் தட்டில் வைக்க முடியாத பழம் வாயில் வைக்கவும் ஆகாது என்று முடிவாகிவிட்டது. பிறகு பல்பொருள் அங்காடிகள் வந்து, ஒரே அளவில், ஒரே மஞ்சளில், புள்ளி இல்லாத பழத்தை விளக்கடியில் அடுக்கி வைத்தன. அந்த எண்ணம் இன்னும் இறுகியது.

முதலில் "கெட்டுவிட்டது" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். வாழை காயாக இருக்கும்போது அதன் சதையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. நன்றாகக் கனிந்த பழத்தில் அது 1 அல்லது 2 சதவீதமாக இறங்கிவிடும்; மீதி சர்க்கரையாகியிருக்கும். காய் தானே உண்டாக்கும் எத்திலீன் வாயு இந்த வேலையைத் தொடங்கி வைக்கிறது. காய்க்குள் இருக்கும் நொதிகள் செய்து முடிக்கின்றன. சதையைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருந்த பெக்டின் கரைவதால் கொழகொழப்பு வருகிறது. தோலில் ஏறும் கறுப்பு, நறுக்கி வைத்த ஆப்பிளில் ஏறும் பழுப்பைப் போலவே ஒரு நொதியின் வேலை. மணம் உச்சத்துக்குப் போவதும் இந்தக் கட்டத்தில்தான். இதில் எதற்கும் கிருமி தேவையில்லை. பழம் தன் வேலையைத் தானே செய்துகொண்டிருக்கிறது. நாம்தான் அதை அழுகல் என்கிறோம். வாழைப்பழத்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு நாளில் தோல் கரியாகும். 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் வாழையின் தோல் குளிர் தாங்காது, அவ்வளவுதான். உரித்தால் உள்ளே சதை வெள்ளையாகவே இருக்கும். அதை உரித்துக்கூடப் பார்க்காமல் வீசுகிறவர்கள் எத்தனை பேர்!

சத்து? வைட்டமின் சி நாள்பட நாள்படக் குறையும், உண்மை. பொட்டாசியம் எங்கும் ஓடிவிடாது. நார்ச்சத்தும் பெரும்பகுதி அங்கேயே இருக்கிறது.

சர்க்கரை பற்றிய பயத்தைக் கொஞ்சம் பொறுப்போடு பேச வேண்டும். பழம் கனியக் கனிய அதில் மொத்த மாவுப்பொருள் கூடுவதில்லை. மாவாக இருந்தது சர்க்கரையாக மாறுகிறது. ஆனால் காயில் இருந்த மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வகை. அது சர்க்கரையானபின் இரத்தத்தில் வேகமாக ஏறும். ஆகவே நீரிழிவு உள்ளவர் அளிந்த பழத்தை அளவோடுதான் கொள்ள வேண்டும், நல்ல பழத்தையும் அப்படித்தான். இதை வைத்து வீட்டில் இருக்கும் மற்ற எல்லோருக்கும் கறுத்த பழம் நஞ்சு என்று தீர்ப்புச் சொல்வது சரியில்லை. அந்தப் பழத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அன்று மாலையே வெல்லமும் சர்க்கரையும் கொட்டிய பாயசத்தை அதே வீடு குடிக்கிறது.

எதிர்ப்பக்கத்து மிகையையும் நான் ஏற்கவில்லை. கறுப்புப் புள்ளி விழுந்த வாழைப்பழம் புற்றுநோயை அழிக்கும் என்று ஒரு செய்தி பல ஆண்டுகளாகக் கைப்பேசிகளில் சுற்றுகிறது. ஜப்பானில் வாழைப்பழச் சாற்றை எலிகளின் உடலில் செலுத்திப் பார்த்த ஓர் ஆய்வை யாரோ ஊதிப் பெருக்கியதன் விளைவு அது. அளிந்த பழத்துக்கு இப்படிப்பட்ட பொய்ச்சாட்சி வேண்டாம். அது உணவு, அது போதும்.

இனி, அறிவாளித்தனமாகத் தோன்றும் வாதத்துக்கு வருவோம்: ஐந்து ரூபாய்ப் பழத்தைக் காப்பாற்ற ஐம்பது ரூபாய்க்கு நெய்யும் முந்திரியும் எரிவாயுவும் செலவழிப்பது சிக்கனமா? இந்தக் கேள்வி நியாயமானது. அதைக் கேட்க வைத்த சமையல் குறிப்புகள்தான் தவறானவை. அளிந்த பழம் என்றவுடன் இன்று எல்லோரும் நினைப்பது வாழைப்பழ பிரெட்டை. 1930களில் அமெரிக்கச் சமையல் நூல்களில் பரவி, 2020 ஊரடங்கில் நம் நகரங்களிலும் வீட்டுக்கு வீடு சுட்ட பண்டம் அது. வெண்ணெய், முட்டை, வால்நட், மின்னடுப்பில் ஒரு மணி நேரம். அந்தக் கணக்கைப் போட்டால் பழத்தை எறிவதே லாபம் என்றுதான் வரும். வேறெங்கோ, மின்னடுப்பு தினமும் சூடாக இருக்கும் வீட்டில், அது சிக்கனமாக இருந்திருக்கும். கேசரியையும் அல்வாவையும் பரிந்துரைக்கும் நம் ஊர்க் குறிப்புகளும் அதே தவறைச் செய்கின்றன: பழத்தை மீட்பதற்காகப் புதிதாக ஒரு பண்டம், அந்தப் பண்டத்துக்காகப் புதிதாக ஒரு செலவு.

சிக்கனச் சமையலின் கணக்கு வேறு. அன்று எப்படியும் செய்யப்போகிற ஒன்றில் பழம் நுழைய வேண்டும். நுழைந்து, காசு கொடுத்து வாங்கிய வேறொன்றின் இடத்தைப் பிடிக்க வேண்டும். இனிப்பான இடத்தில் வெல்லத்துக்குப் பதில், புளிப்பான இடத்தில் புளிக்குப் பதில், மாவில் நெய்க்கும் சோடாவுக்கும் பதில் மென்மைக்காக. மாலையில் பிள்ளைகளுக்குக் கோதுமை மாவில் இனிப்பு தோசை வார்ப்பதாக இருந்தால், ஒரு குவளை மாவுக்கு இரண்டு அளிந்த பூவன் பழத்தைப் பிசைந்து சேருங்கள். வெல்லம் பாதி போதும். தோசை காய்ந்து விறைக்காமல் மறுநாள் வரை மெத்தென்றிருக்கும். எண்ணெயும் அடுப்பும் வழக்கமான அளவுதான். இந்தக் கணக்கில் பழம் எதையும் தின்னவில்லை, வெல்லத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது.

கார்த்திகைக்கு அப்பம் செய்கிறவர்களுக்கு இது புதிதில்லை. ஊறவைத்து அரைத்த பச்சரிசியில் வெல்லமும் ஏலக்காயும் தேங்காயும் போட்டுவிட்டு, கடைசியாகக் கனிந்த பழம் இரண்டைப் பிசைந்து விடுவது அலங்காரத்துக்காக இல்லை. பழம் இல்லாத அப்பம் ஆறினால் கல்லாகும். அந்தப் பழம் எவ்வளவு கனிந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது; கெட்டியான பழத்தைப் போட்டால் பிசையும்போது கட்டி கட்டியாக நின்று எண்ணெயில் வெடிக்கும். மங்களூரு, உடுப்பி உணவகங்களில் காலையில் கிடைக்கும் 'பன்ஸ்' என்ற உப்பிய பூரியும் இப்படித்தான்: அளிந்த வாழைப்பழம், மைதா, புளித்த தயிர், சீரகம், கொஞ்சம் சர்க்கரை, சோடா. பிசைந்து இரவு முழுக்க வைத்துவிடுவார்கள். அளிந்த பழம் இல்லாத நாளில் அதைச் செய்ய முடியாது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் ஏத்தம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரிப்பவர்கள் தோல் கறுக்கும் வரை காத்திருப்பார்கள். மஞ்சள் மாறாத பழம் பொரித்தால் சப்பென்று இருக்கும். இவர்கள் யாரும் பழத்துக்கு இரக்கம் காட்டுகிறவர்கள் இல்லை. அந்தப் பருவத்துப் பழம்தான் அவர்களுக்கு வேண்டிய பொருள்.

மாம்பழத்தில் இது இன்னும் தெளிவு. சாறு ஒழுகும் நாட்டு மாம்பழத்தை நறுக்க முடியாது, உறிஞ்சத்தான் முடியும் என்பார்கள். அதைத் தோலை உரித்துக் கொட்டையோடு அப்படியே சட்டியில் போட்டு, மஞ்சள், மிளகாய், உப்போடு வேகவைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்து விட்டு, புளித்த தயிரைக் கடைந்து ஊற்றித் தாளித்தால் மாம்பழப் புளிசேரி. நாஞ்சில் நாட்டிலும் கேரளத்திலும் மாம்பழக் காலத்தில் அது சாதாரண மதியக் குழம்பு. தனியாக ஒரு காய் வாங்க வேண்டியதில்லை. அதற்கு ஒட்டுமாம்பழத்தின் கெட்டித் துண்டுகளைப் போட்டுப் பாருங்கள்: குழம்பு ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம் நிற்கும். கொட்டையிலிருந்து சதை தானாகக் கழன்று குழம்பில் கரைய வேண்டும் என்றால் பழம் அளிந்திருக்க வேண்டும். கல்யாண வீடுகளில் பெயர் வாங்கும் அன்னாசி ரசத்துக்கும் தட்டில் அடுக்கும் துண்டுகள் தேவையில்லை. கனிந்து நீர் விட்ட துண்டுகளையும் நடுத்தண்டைச் சுற்றிய சதையையும் பிசைந்து விட்டால், புளியைக் குறைத்துக்கொள்ளலாம்.

பனம்பழத்தை யாரும் ஏறிப் பறிப்பதில்லை. அது பழுத்துத் தானாக விழ வேண்டும். விழுந்ததை எடுத்து, சுட்டோ பிசைந்தோ நாரிலிருந்து களியைப் பிழிந்து, பாயில் ஊற்றி வெயிலில் காயவைத்து, காய்ந்ததன் மேல் மறுபடி ஊற்றி, யாழ்ப்பாணத்தில் பனாட்டு செய்தார்கள். மாதக்கணக்கில் இருக்கும். பனங்களியில் மாவும் சர்க்கரையும் சேர்த்துப் பொரித்தால் பனங்காய்ப் பணியாரம். கோதாவரிக் கரையில் மாம்பழச் சாற்றை இதே போல் பாயில் அடுக்கடுக்காகக் காயவைத்துத் தாண்ட்ரா செய்கிறார்கள். நம் கரிசல் காட்டுப் பக்கம் இலந்தைப் பழத்தை உப்பு, மிளகாய், வெல்லம், பெருங்காயத்தோடு இடித்துத் தட்டிக் காயவைத்த வடை பள்ளிக்கூட வாசலில் விற்றது. பழனிப் பஞ்சாமிர்தத்தையும் இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பிரசாதத்தில் மலைவாழைப்பழமும் சர்க்கரையும் நெய்யும் தேனும் ஏலக்காயும் சேர்கின்றன, ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்வதில்லை. நன்கு கனிந்து குழையாத பழத்தில் அந்தப் பக்குவம் வராது. கோயில் மடப்பள்ளிக்குக் குழைந்த பழம் ஆகும், நம் அடுக்களைக்கு ஆகாது என்றால் எப்படி?

இதெல்லாம் எந்தப் பழத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு பொருந்தாது. அளிந்த கொய்யாவை மட்டும் போட்டு ஜாம் காய்ச்சினால் எவ்வளவு கிளறினாலும் இறுகாது, ஏனென்றால் இறுக்கும் பெக்டின் கரைந்துபோயிருக்கும். செங்காய் ஒன்றிரண்டைக் கூட நறுக்கிப் போட வேண்டும். சப்போட்டா அளிந்த மறுநாளே நுரைக்கத் தொடங்கும், அன்றே பாலில் அடித்துக் குடித்துவிட வேண்டும். பப்பாளியை அடுப்பில் ஏற்றுவதைவிட எலுமிச்சையும் மிளகுத்தூளும் போட்டுப் பிசைந்து சாப்பிடுவது எனக்குப் பிடிக்கும்.

எல்லைக்கோட்டையும் சொல்லியாக வேண்டும், அதைச் சொல்லாமல் இந்த வாதம் செய்வது தவறு. பூஞ்சை பூத்த பழம் அளிந்த பழம் இல்லை. பஞ்சு போல வெள்ளையோ பச்சையோ படர்ந்திருந்தால், அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியைக் குழம்பில் போடக் கூடாது. மென்மையான சதைக்குள் பூஞ்சை கண்ணுக்குத் தெரிவதைவிட ஆழமாகப் போயிருக்கும். ஆப்பிள் அழுகலில் வளரும் ஒரு பூஞ்சை பாட்டுலின் என்ற நச்சை உண்டாக்குகிறது. கொதிக்க வைத்தாலும் அது முழுதாகப் போகாது. அதனால்தான் ஆப்பிள் சாற்றில் கிலோவுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். சாராய வாடை, நுரை, பிசுபிசுப்பான கசிவு, ஈ மொய்த்த வெட்டுவாய், இவை இருந்தால் எறியுங்கள், வருத்தமே வேண்டாம். அடிபட்டுப் பழுப்பேறிய சதை, கறுத்த தோல், சுருங்கிய காம்பு, அளவு மீறிய மணம், இவை எறிவதற்குக் காரணமாகாது. பார்த்து, முகர்ந்து, உரித்து முடிவு செய்ய அரை நிமிடம் போதும்.

இந்த அரை நிமிடத்தைச் செலவிட மறுப்பதன் விலை நம் வீட்டோடு நிற்பதில்லை. புள்ளி விழுந்தால் வாங்க மாட்டோம், காம்பு பச்சையாகவும் தோல் மஞ்சளாகவும் வேண்டும் என்று நாம் அடம்பிடிக்கும்போது, வியாபாரி காயாகவே இறக்கி ஒரே நாளில் நிறம் ஏற்றுகிறார். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையில் தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயுவை அளவோடு பயன்படுத்த மட்டுமே அனுமதி. ஆனாலும் ஒவ்வொரு மாம்பழப் பருவத்திலும் அதிகாரிகள் கிடங்குகளில் நுழைந்து பறிமுதல் செய்ய வேண்டியிருக்கிறது. கல் வைத்த பழம் மேலே பொன்னிறமாகவும் உள்ளே காயாகவும் இருக்கும். அழகுக்காக அதை வாங்குகிறோம். மணத்தோடு கனிந்ததை மாலையில் தள்ளுவண்டிக்காரர் கூறு போட்டு விற்கும்போது திரும்பியும் பார்ப்பதில்லை. சிக்கனமாகக் குடும்பம் நடத்துகிறவருக்கு அந்தக் கூறுதான் சரியான கொள்முதல்.

வீட்டுக்கு வந்து சேரும் பழம் ஏற்கெனவே பல கண்டங்களைத் தாண்டி வந்தது. லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைப்பின் தொழில்நுட்ப நிறுவனம் 2015இல் வெளியிட்ட கணக்கில், அறுவடைக்குப் பிறகு மிக அதிகமாக வீணாகும் பழம் கொய்யா: 15.88 சதவீதம். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, 2022இல் உலகில் வீணான 105 கோடி டன் உணவில் 60 சதவீதம் வீடுகளில்தான் வீணானது என்கிறது. இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்பது அதன் மதிப்பீடு. மாடித் தோட்டத்து உரக்குழியில் போட்டுவிட்டேன், அது வீணில்லையே என்று சொல்வோருக்கு: தோலைப் போடுங்கள், கொட்டையைப் போடுங்கள், உரத்துக்கு அது தாராளம். தண்ணீர் பாய்ச்சி, தார் வெட்டி, லாரி ஏற்றி வந்த சதையை மண்ணுக்கே திருப்பி அனுப்புவது உழவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

இன்னொரு வழக்கம் இருக்கிறது. அதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. "நமக்கு வேண்டாம், வேலைக்கு வர்ற அக்காகிட்ட குடுத்துடு." கெட்டுவிட்டது, உடம்புக்கு ஆகாது என்று நாம் முடிவு செய்த பழம் அவர் பிள்ளைகளுக்கு மட்டும் எப்படி ஆகும்? உண்மையிலேயே கெட்டது என்றால் யாருக்கும் கொடுக்கக் கூடாது. கெடவில்லை என்றால் நம் வீட்டிலேயே தின்றிருக்கலாம். அளிந்த பழம் கெட்டது என்று சொல்பவர்களே அதை நம்பவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. அவருக்குப் பழம் கொடுக்க மனமிருந்தால் வாங்கி வந்த அன்று, சீப்பில் பாதியைப் பிய்த்துக் கொடுங்கள்.

கடைசியாக வரும் எதிர்ப்புதான் எனக்கு மிகவும் கனமாகப் படுகிறது. இந்தச் சிக்கனமெல்லாம் யார் முதுகில் ஏறுகிறது? பனாட்டுக்கு வெயிலில் நின்றவர்களும் அப்பத்துக்கு அடுப்படியில் வெந்தவர்களும் பெண்கள். வேலைக்குப் போய்த் திரும்பும் ஒரு பெண்ணிடம், பழம் வீணாகிறது, ஏதாவது செய் என்று சொல்வது அவர் நாளில் இன்னொரு மணி நேரத்தைப் பிடுங்குவது. இதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். அதற்குத் தீர்வு பழத்தை எறிவதா, வேலையைப் பிரிப்பதா? ஞாயிற்றுக்கிழமை மலிவாகக் கிடைத்தது என்று யாரையும் கேட்காமல் இரண்டு சீப்பு வாங்கி வருகிற ஆண், புதன்கிழமை இரவு மிஞ்சியதையும் கவனிக்கட்டும். பழத்தை உரித்து வட்டமாக நறுக்கி ஒரு டப்பாவில் போட்டு உறைபெட்டியில் வைக்க ஐந்து நிமிடம். மாதம் முழுவதும் கெடாது. வேண்டும்போது எடுத்து, இளகவிட்டு, கையால் பிசைந்து, கோதுமை மாவு, பொடித்த வெல்லம் கொஞ்சம், ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய் சேர்த்துத் தோசை மாவுப் பதத்தில் கரைக்க இன்னொரு ஐந்து நிமிடம். கல்லைக் காயவைத்து, தீயைக் குறைத்து வார்க்க வேண்டும், பழத்தின் இனிப்பு சீக்கிரம் கருகும்.